நேர்த்திக்கடன் என்று ஒரு பொய்

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் முடிவெட்டும் கடையில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ரெக்சின் உறை போட்டது, உறை கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியது. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகள்மேல் அதைக் குறுக்கே வைத்து சின்னப் பையன்களை உட்கார வைப்பார்கள். பலகையில் உட்காரும்வரை நீ குழந்தை. ஒருநாள் கடைக்காரர் பலகையை எடுக்காமலேயே 'ஏறி உக்காருப்பா' என்று சொல்வார். அன்றைக்கு நீ பெரிய பையன். எனக்கு அப்படி நடந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. பூணூல் போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் மகன் பலகையிலிருந்து இறங்கி நான்கு வருஷம் ஆகிறது. இப்போது பதின்மூன்று வயது, படிவம் ஒன்று. போன மாதம் அவனை அழைத்துப் போனபோது, கடைக்காரத் தம்பி துணியை உதறி அவன் கழுத்தில் கட்டிவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "எப்படிண்ணே வெட்டணும்?"

நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவன். தலை அவனுடையது. கேள்வி எனக்கு.

நானும் பதில் சொன்னேன். "சைடு நல்லா ஏத்துங்க. பின்னாடி காலர்ல படக்கூடாது. முன்னாடியும் குறைச்சிருங்க, ஸ்கூல் பையன்." மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். மூன்று மாதமாக அந்த முன்முடியை வளர்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்து அதை நெற்றியில் இழுத்துவிட்டு, இரண்டு விரலால் பிரித்து, அம்மாவின் ஹேர் டிரையரை எடுத்து ஏதேதோ செய்வான். ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். 1998-ல், ஓர் இடைநிலைப் பள்ளியின் கழிப்பறைக் கண்ணாடியில். அது என் முகம்.

அந்தப் பள்ளியின் பேர் வேண்டாம். எங்கள் தலைமுறையில் எல்லாப் பள்ளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விடுமுறை முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை, சபைகூடலில், கட்டொழுங்கு ஆசிரியர் கத்தரியோடு வரிசை வரிசையாக வருவார். அன்றைக்கு எங்கள் வகுப்பில் நீள முடியோடு நின்றது மூன்று பேர். ஒருவன் சீக்கியன். (எங்கள் வீட்டில் சீக்கியர்களை 'வங்காளி' என்றுதான் சொல்வார்கள். பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து.) அவன் தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். ஆசிரியர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது ஆள் என் பக்கத்து மேசைக்காரன். "என்னடா இது, காடு மாதிரி?" என்று கேட்டார். கண் இமைக்காமல் சொன்னான்: "நேர்த்திக்கடன் சார். தைப்பூசத்துக்கு முருகனுக்கு முடி கொடுக்கணும்." ஆசிரியர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். அவரும் தமிழர், அவரும் பத்துமலை ஏறுகிறவர். "முடிஞ்சதும் மொட்டையோட வந்து என்னைப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவன் சொன்னது சுத்தப் பொய்.

மூன்றாவது நான். எனக்கும் அதே கேள்வி. பயத்திலோ திமிரிலோ, இல்லை இரண்டும் சேர்ந்தோ, உண்மையைச் சொல்லிவிட்டேன்: "எனக்குப் பிடிச்சிருக்கு சார்."

நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு ரோடு போட்டுவிட்டார். கத்தரியில் நான்கு வெட்டு, ஐந்து வெட்டு. வரிசையில் சிரிப்பு. அந்தத் தலையோடு மதியம்வரை வகுப்பில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் அப்பாவோடு கடைக்குப் போய் முழுசாக வழித்துக்கொண்டு வந்தேன். அப்பா ஆசிரியரைத் திட்டவில்லை. கடைக்காரரிடம் ஐந்து வெள்ளி கொடுத்துவிட்டு, "அவரு செஞ்சது சரிதான்" என்றார்.

இந்தக் கதையை நான் பல வருஷமாகச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். ஏனென்றால் அதற்கு ஒரு பின்பாதி உண்டு. பக்கத்து மேசைக்காரன் பள்ளியில் சொன்ன பொய் எப்படியோ அவன் அம்மா காதுக்குப் போய்விட்டது. "முருகன் பேரைச் சொல்லிட்டே இல்ல? இனி போட்டுத்தான் ஆகணும்" என்று அந்த அம்மா தைப்பூசத்தன்று அவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பத்துமலை அடிவாரத்தில் மொட்டை போடவைத்தார். 272 படியும் ஏறி இறங்கி, சந்தனம் பூசின தலையோடு பள்ளிக்கு வந்தான். ஆக, கடைசியில் இரண்டு பேருமே மொட்டை. அவன் தலையை ஆசிரியர் தட்டிக்கொடுத்தார். என் தலை தண்டனை, அவன் தலை பக்தி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னியிருக்கும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சீக்கியனின் முடி அவன் குருவுக்குச் சொந்தம், தொடக்கூடாது. பக்கத்து மேசைக்காரன் முடி முருகனுக்குச் சொந்தம், காத்திருக்கலாம். என் முடி எனக்குச் சொந்தம் என்றேன். ஆகவே அது யாருக்கும் சொந்தமில்லாத முடி. வெட்டலாம்.

சீக்கியப் பையன்களுக்குக் கிடைத்த அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது சும்மா கிடைத்ததும் கிடையாது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பள்ளி ஒன்று, தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியச் சிறுவனைத் திருப்பி அனுப்பியது. அவன் குடும்பம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்களில் தோற்று, 1983-ல் பிரபுக்கள் சபைவரை போய்த்தான் ஜெயித்தார்கள். ஜெயித்த வாதம் என்ன? சீக்கியர்கள் ஓர் இனக்குழு, ஆகவே இனப் பாகுபாட்டுச் சட்டம் அவர்களைக் காக்கும் என்பது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வாதத்தில் பையன் எங்கே இருக்கிறான்? 'அவனுக்கு அது வேண்டும்' என்பது அங்கே வாதமே ஆகவில்லை. பின்னால் பெரிய கூட்டம் ஒன்று நிற்பதால் அவன் முடி தப்பித்தது. தனியாக நிற்கிறவனுக்கு?

இந்தச் சொந்தக் கணக்கு நம்மிடம் ரொம்பப் பழசு. புறநானூற்றின் 77-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது. சின்ன வயசில் போருக்கு வந்து நிற்கிறான். காலில் கிண்கிணியை எடுத்துவிட்டுக் கழல் போட்டாயிற்று. தலையில் சிறுவனுக்குரிய குடுமியை எடுத்துவிட்டு வேம்பந்தளிர் சூட்டியாயிற்று. ஆனால் கழுத்தில் குழந்தைகளுக்குக் கட்டும் ஐம்படைத்தாலி இன்னும் தொங்குகிறது. பாலை விட்டுச் சோறு தின்றதே இன்றைக்குத்தான் என்கிறார் புலவர். இந்தப் பாட்டைப் பையனின் வீரத்துக்காகத்தான் வகுப்பில் சொல்லித்தருவார்கள். எனக்கு அதில் அந்தக் குடுமி எடுக்கப்பட்ட நெற்றிதான் கண்ணில் நிற்கிறது. எடுத்தது யார்? யாரோ பெரியவர்கள். போர் அவசரமாக இருந்தது, அரசன் தேவைப்பட்டான், பையனை அவசரமாக ஆளாக்கினார்கள். தமிழில் சிறுவனின் தலைமுடி பற்றிய பழைய சித்திரங்களில் ஒன்று இது. அதிலேயே முடி அவனுடையதாக இல்லை.

ரோமாபுரியில் மட்டும் என்ன வாழ்ந்தது? இளைஞனின் முதல் தாடியை மழித்துத் தெய்வத்துக்குக் கொடுப்பது அங்கே சடங்கு. நீரோ தன் முதல் தாடியைத் தங்கப் பெட்டியில் முத்துகளோடு வைத்து ஜூபிடர் கோயிலுக்குக் கொடுத்தான் என்று ஸ்வெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பத்துமலையில் நாம் வாளியில் போட்டுவிட்டு வருகிறோம். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்தபோது தலையில் குடுமியும் வந்தது. முன்குடுமி, பின்குடுமி, உச்சியில் கட்டுவது, கழுத்தில் புரளவிடுவது. ஒருவன் குடுமியை வைத்தே அவன் சாதியையும் ஊரையும் ஓரளவுக்குச் சொல்லிவிடுவார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்ற பழமொழி அந்த உலகத்துச் சரக்கு. ஆக, குடுமி என்பது தலையில் தூக்கித் திரியும் அடையாள அட்டை. என் தாத்தா கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்துவிட்டுப் போன பிறகு சுயமரியாதைப் பேச்சு தோட்டங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தாத்தாவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, பால்மரக் கத்தியைத் தீட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டாராம். அவர் அப்பா மூன்று நாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. "நான் உசுரோட இருக்கும்போதே எனக்குக் கருமாதி பண்ணிட்டான்" என்று சொல்லி அழுதாராம். இது எங்கள் வீட்டில் வாய்வழியாக வந்த கதை. எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அதே காலத்துக்குச் சற்று முன்னால் பக்கத்து வீட்டுச் சீனர்களுக்கும் இதே பாடு. மஞ்சூரியர்கள் 1645-ல் சட்டம் போட்டு எல்லா ஆண்களும் முன்தலையை மழித்துப் பின்னல் வளர்க்கவேண்டும் என்றார்கள். முடியை வைத்துக்கொண்டால் தலை போகும் என்பதுதான் பேச்சு. அடிமைச் சின்னமாகத் திணித்த அந்தப் பின்னல், இரண்டரை நூற்றாண்டில் அப்பாக்களின் மானமாக மாறிவிட்டது. 1911 புரட்சியை ஒட்டி மலாயாவிலும் சீனப் பையன்கள் பின்னலை வெட்டியபோது பெரியவர்கள் அழுதார்கள். திணிக்கப்பட்டதைக்கூட மூன்று தலைமுறை சுமந்தால் அது பரம்பரை ஆகிவிடுகிறது. கிராப்பும் அப்படித்தான். தாத்தாவுக்குக் கிராப்பு விடுதலை. அதே கிராப்பு அவர் பேரன் தலையில் சட்டமாக வந்து இறங்கியது.

நடுவில் சினிமா வந்து ஒரு நல்ல காரியம் செய்தது. தியாகராஜ பாகவதர் தோள்வரை முடியைப் புரளவிட்டபோது ஊரெல்லாம் பாகவதர் கிராப்பு. அதற்கு முன்னால் ஒரு பையன் தலையை அப்பா, சாதி, சாமி, கங்காணி என்று பல பேர் பங்குபோட்டிருந்தார்கள். பாகவதரைப் பார்த்து வளர்த்தவன்தான் முதல்முதலில் 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று வளர்த்தவன். ஒரு நடிகனைப் பார்த்து நகலெடுப்பதில் என்ன சுதந்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எதை நகலெடுப்பது என்பதையாவது அவனே தேர்ந்தெடுத்தான். எழுபதுகளில் என் அப்பா காதை மூடி ஸ்டெப் கட்டிங் வைத்திருந்த புகைப்படம் வீட்டில் இருக்கிறது. அந்த மனுஷன்தான் 1998-ல் "அவரு செஞ்சது சரிதான்" என்று சொன்னார்.

அப்பாவின் அந்த எழுபதுகளில்தான் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், நீள முடிக்காரர்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் படம் போட்டு ஒட்டிவைத்திருந்தார்கள். சட்டைக் காலரைத் தொட்டால் நீளம், காதை மூடினால் நீளம், நெற்றியில் புருவத்தைத் தொட்டால் நீளம். 1972-ல் லெட் செப்பலின் குழு முடி காரணமாக அங்கே பாடமுடியாமல் போனது. ஒரு தேசம் தன் ஆண்பிள்ளைகளின் காது மடலைப் பார்த்து அவ்வளவு பயந்தது இப்போது வேடிக்கையாக இருக்கிறது. என் மகனின் பள்ளி விதியைப் பார்த்தால் அதே காலர், அதே காது, அதே புருவம்.

இங்கே பள்ளிக்காகவும் பேசவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் பழைய காயத்தைச் சொறிவதாகப் போய்விடும்.

அந்தக் கட்டொழுங்கு ஆசிரியர் கொடூரமானவர் கிடையாது. எங்களில் இரண்டு பேருக்குச் சொந்தக் காசில் டியூஷன் கட்டணம் கட்டினவர். ஒரே சீருடை, ஒரே முடி என்றால் பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது என்பார். அதை நான் பாதிதான் ஏற்பேன், சப்பாத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் அவர் சொல்லாமல் வைத்திருந்த இன்னொரு காரணம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அதை என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. பையன் கறுப்பு. தமிழன். முடி நீளம், அல்லது பக்கவாட்டில் கோடு போட்டது, அல்லது சாயம் அடித்தது. ராத்திரி எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு சாலைத் தடுப்பில் நிற்கிறான். டார்ச் லைட் முதலில் எங்கே அடிக்கும்? அதே முடி ஒரு சீனப் பையன் தலையில் கொரியப் பாட்டுக்காரன் மாதிரி தெரியும். நம் பையன் தலையில் 'கேங்' என்று தெரியும். பார்க்கிறவனின் கண்ணில்தான் அழுக்கு. ஆனால் நிறுத்தப்படுவது நம் பிள்ளை. ஆசிரியர் அந்தக் கத்தரியை எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் எடுத்திருப்பார்.

போன மாதம் "முன்னாடியும் குறைச்சிருங்க" என்று சொன்னபோது என் வாயில் இருந்ததும் அந்தப் பயம்தான். 'ஸ்கூல் பையன்' என்றது ஒரு சாக்கு.

ஆக, கேள்வியை இப்படிப் போடலாம்: ஊர் தப்பாகப் பார்க்கும் என்பதற்காக, ஊருக்கு முன்னால் நானே என் பிள்ளை தலையில் கைவைக்கலாமா? பயந்த அப்பாவாக எனக்குத் தோன்றும் பதில் 'வைக்கலாம்'. ஆனால் அப்படி வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த டார்ச் லைட்டுக்கு நான் ஒரு சம்பளமில்லாத உதவியாள். 'ஆமாங்க, நீங்க நெனைக்கிறது சரிதான், இந்த முடி இருந்தா இவன் சந்தேகத்துக்குரியவன்தான்' என்று என் பிள்ளையிடம் நானே சொல்லித்தருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் காந்திக்கு இதைப் போல ஒன்று நடந்தது. பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துநர் அவருக்கு வெட்ட மறுத்துவிட்டார். காந்தி கிளிப்பர் ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கன்னாபின்னாவென்று ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் நண்பர்கள், எலி கடித்துவிட்டதா என்று சிரித்தார்கள். தன் சுயசரிதையில் இதை எழுதும்போது அவர் அந்த வெள்ளைக்காரரைக் குறை சொல்லவில்லை. கறுப்பர்களுக்கு வெட்டினால் அவருக்கு மற்ற வாடிக்கை போய்விடும் என்கிறார். நம் ஊரில் நாவிதர்கள் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வெட்ட நாம் விடுவதில்லையே, அதற்கான கூலிதான் இது என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்ததை இருபதாம் நூற்றாண்டில் எழுதினார். இருபத்தோராம் நூற்றாண்டிலும் தமிழ்நாட்டில் தலித்துகளுக்கு வெட்ட மறுக்கும் கடைகள் பற்றிச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

முடி பற்றிப் பேசிவிட்டு அதை வெட்டுகிற கையைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையாகாது. கிராமத்தில் நாவிதருக்கு இன்னொரு பேர் 'குடிமகன்'. ஊர்க் குடிகளுக்கு ஊழியம் செய்கிறவன் என்ற பொருளில். முடிவெட்டுவது, பிரசவம் பார்ப்பது, சாவுக்குச் சடங்கு செய்வது எல்லாம் அவர்கள் வேலை. கூலி, அறுவடையில் ஒரு பங்கு நெல். அதே சொல்லைத்தான் இன்றைக்கு நாம் சிட்டிசன் என்பதற்கு வைத்திருக்கிறோம். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து செத்துப்போன கிழவர்களையும் கிழவிகளையும் பார்த்த நமக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். ஊர்த் தலையையெல்லாம் தொட்டுச் சீர்செய்துவிட்டு ஊருக்குள் சமமாக உட்கார முடியாதவனுக்கு இருந்த பேர்தான் அது.

மலாயாவுக்கு வந்தபிறகு கடை என்ற ஒன்று அந்த உறவை மாற்றியது. நாற்காலி யாருக்கும் பொது. காசு கொடுத்தால் தலை. ரயில்வேக்காரன், சாக்கடை வாருகிறவன், குமாஸ்தா, கந்தசாமி கோயிலுக்குப் போகும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் எல்லாரும் ஒரே கத்தரிக்குத் தலைகுனிந்தார்கள். தோட்டத்து லயங்களில் சாதி பார்த்து வீடு பிரித்த அதே சனம், நகரத்துக் கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. இதை நான் பெரிய புரட்சியென்று சொல்லமாட்டேன். 'அம்பட்டன்' என்ற சொல் இன்றும் வசவாகத்தான் இருக்கிறது. கழுத்தை நெட்டி முறித்துவிடும்போது சுகமாகக் கண்ணை மூடுகிறவர், அந்த வீட்டில் பெண் எடுப்பாரா என்று கேட்டால் கண்ணைத் திறந்துவிடுவார்.

இப்போது நான் போகும் கடையில் வெட்டுகிற தம்பி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், பெர்மிட்டில் இருக்கிறார். இங்கே பிறந்த பிள்ளைகள் இந்த வேலைக்கு அதிகம் வருவதில்லை. முடிதிருத்தும் கடை, ஜவுளி, நகைத்தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009-ல் நிறுத்திவைத்தது. 2023-ல்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். நடுவில் எத்தனையோ கடைகளில் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஜாலான் துன் சம்பந்தனில் வளைவும் விளக்கும் வைத்து 2010-ல் லிட்டில் இந்தியா திறந்தார்கள். அந்த லிட்டில் இந்தியாவில் முடிவெட்ட ஆள் இல்லை என்று கடைக்காரர்கள் புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். குடிமகன் என்று பேர் வாங்கினவனுக்கு இங்கேயும் குடியுரிமை இல்லை.

அவரிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏன் தம்பி, பையன்கிட்ட கேக்காம என்கிட்ட கேக்கறீங்க?" சிரித்தார். "அண்ணே, பையன் சொன்ன மாதிரி வெட்டினா அப்பா சண்டைக்கு வருவாரு. அப்பா சொன்ன மாதிரி வெட்டினா பையன் அழுவான், அவ்ளோதான். பையன் அழுதா பெர்மிட் போகாது."

அதற்கு மேல் நான் அவரிடம் என்ன தத்துவம் பேச?

முடிதானே, மறுபடி வளரும் என்பதுதான் எல்லாருடைய கடைசி வாதம். ஆசிரியர் சொன்னார், அப்பா சொன்னார், நானும் சொல்லியிருக்கிறேன். அது உயிரில்லாத பொருள், வெட்டினால் வலிக்காது. நம் தமிழில் ஒன்றுக்கும் ஆகாததைச் சொல்ல அன்றாடம் வாயில் வரும் வசவே மயிர்தான். ஆனால் 2006-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒருவன் தன்னைப் பிரிந்துபோன பெண்ணின் குதிரைவால் முடியைச் சமையல் கத்தரியால் வெட்டிவிட்டான். காயம் இல்லை, ரத்தம் இல்லை. உயர் நீதிமன்றம் இது உடல் ஊறு என்றே தீர்ப்பளித்தது. உயிரற்றதாகவே இருந்தாலும் முடி ஆளின் உடம்பில் ஒரு பகுதி, அவர் அடையாளத்தில் ஒரு பகுதி என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்கு நான் ஒருவித அசட்டு சந்தோஷத்தோடு இருந்தேன். 1998-ல் எனக்கு நடந்ததற்கு ஒரு பேர் கிடைத்துவிட்ட மாதிரி.

ஆனால் உடனே இன்னொரு நினைவும் வந்தது. அப்பா இறந்த அன்று எனக்கு மொட்டை போட்டார்கள். மூத்த பையன். யாரும் கேட்கவில்லை, மனையில் உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்துச் சவரக்கத்தியை வைத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் யாரும் என் தலையை அவ்வளவு முழுசாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் துளி அவமானம் இல்லை. குளிர்ந்த தலையோடு எழுந்தபோது, அப்பாவுக்குக் கடைசியாக ஏதோ கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போது கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குக் கொடுக்க மனசிருந்தது. 1998-ல் கொடுப்பதற்கு இடமே விடாமல் எடுத்துக்கொண்டார்கள். என் பக்கத்து மேசைக்காரன் பாவம், கொடுப்பதாகப் பொய் சொல்லி, பிறகு நிஜமாகவே கொடுக்கவேண்டி வந்தது. ஆனால் படியேறி இறங்கினபிறகு அவனுக்கு மனசு லேசாக இருந்ததாகச் சொன்னான். அது பொய்யா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஆசிரியர் வெட்டும்போது மேற்கோளுக்கு வள்ளுவரையும் கூப்பிடுவார். மழிப்பதும் வேண்டாம், சடை வளர்ப்பதும் வேண்டாம் என்று கூடாவொழுக்கத்தில் வருகிற குறள். அவர் முதல் பாதியிலிருந்து 'வளர்க்கவேண்டாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார். மழிக்கவும் வேண்டாம் என்றுதான் அங்கே முதலில் இருக்கிறது. அது துறவிகளுக்குச் சொன்னது என்பது வேறு. உலகம் பழிக்கிற காரியத்தைச் செய்யாமல் இருந்தால் தலை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிற ஆளைக் கூப்பிட்டுக் கத்தரிக்குச் சாட்சி வைத்தது நம் கல்வித்துறைக்கே உரிய சாமர்த்தியம்.

நேற்று மகனோடு மறுபடி கடைக்குப் போனேன். வழியெல்லாம் எனக்குள் பேசிக்கொண்டே வந்தேன். துணியைக் கட்டிவிட்டுத் தம்பி வழக்கம்போலக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அவன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பரில் ஒரு வரி ஓடவில்லை. மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாக, "சைடு மட்டும் குறைங்கண்ணே. முன்னாடி விட்டுருங்க" என்றான். தம்பி, சும்மா ஒரு உறுதிக்காக, மறுபடி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக்கூடாது என்று உடனே தோன்றியது. பழக்கம்.

இருபது வெள்ளி கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். புத்த விகாரைப் பக்கமிருந்து மழித்த தலையோடு ஒரு இளம் பிக்கு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மகன் கடைக் கண்ணாடியில் தன் முன்முடியைச் சரிசெய்துகொண்டே கேட்டான்: "அப்பா, திங்கக்கெழம ஸ்கூல்ல கேட்டா, நேர்த்திக்கடன்னு சொல்லிரட்டா?"

அந்தக் கதையை அவனுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது நான்தான்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து மாசம் இருக்குடா என்றேன்.